தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் கணக்கில் இல்லை

மரம் ஓர் உணவு. கரையானுக்கு உணவு, வண்டுக்கு உணவு, பூஞ்சைக்கு உணவு. மரப் பதப்படுத்தல் என்று தொழில்துறை பெயர் வைத்திருக்கும் வேலையின் சாரம் அந்த உணவில் விஷம் வைப்பதுதான். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட். மின்கம்பங்களுக்கும் புதிதாக அறுத்த பலகைகளுக்கும் பென்டாகுளோரோபீனால், சுருக்கமாக பி.சி.பி. வேலிக்கால், தூண், படகுத்துறைக் கட்டை ஆகியவற்றுக்கு செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் கலந்த சி.சி.ஏ. போன நூற்றாண்டின் மரத்தொழிலை இந்த மூன்றும்தான் ஆண்டன.

இவை நஞ்சு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. நஞ்சாக இல்லாவிட்டால் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஆர்சனிக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. பி.சி.பி.யையும் 2016ல் அதே பட்டியலுக்குக் கொண்டுபோனது. கிரியோசோட் அதற்கு ஒரு படி கீழே இருக்கிறது. சண்டை முழுக்க அடுத்த கேள்வியில்தான்: எவ்வளவு ஆபத்து, யாருக்கு, அதை அளப்பது யார்?

இதற்கு அரசுகள் வைத்திருக்கும் பதில் 'இடர் மதிப்பீடு'. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1983ல் வகுத்துக் கொடுத்த முறையைத்தான் இன்றும் பெரும்பாலான நாடுகள் பின்பற்றுகின்றன. பொருளுக்கு என்ன தீங்கு செய்யும் தன்மை இருக்கிறது என்று பார்ப்பது, எவ்வளவு உள்ளே போனால் என்ன ஆகும் என்று பார்ப்பது, நடைமுறையில் மனிதருக்குள் எவ்வளவு போகிறது என்று மதிப்பிடுவது, கடைசியில் மூன்றையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வருவது. முதல் இரண்டும் ஆய்வகத்தில் நடக்கும். எலியும் நுண்ணோக்கியும் போதும். மூன்றாவது படியில் சமூகம் உள்ளே வந்துவிடுகிறது. ஒருவர் நாளைக்கு எத்தனை மணிநேரம் அந்தப் பலகையைத் தொடுகிறார்? கையுறை போட்டிருக்கிறாரா? அந்த ஊர் மீனைச் சாப்பிடுகிறாரா? அவர் உடல் எடை எவ்வளவு? இந்த இடத்தில் மதிப்பீட்டாளர் ஒரு மனிதரைக் கற்பனை செய்தாக வேண்டும்.

அந்தக் கற்பனை மனிதர் யார் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 1975ல் ஒரு 'மேற்கோள் மனிதனை' வரையறுத்தது. வயது 20லிருந்து 30க்குள், எடை 70 கிலோ, வெள்ளையர், மிதமான குளிர் உள்ள ஊரில் வாழ்பவர், பழக்கவழக்கத்தில் மேற்கு ஐரோப்பியர் அல்லது வட அமெரிக்கர். அது கதிர்வீச்சுக்கென்று எழுதப்பட்டது என்றாலும், நச்சியலிலும் இதே 70 கிலோ ஆண்தான் பல பத்தாண்டுகள் அளவுகோலாக இருந்தார். வெயிலில் சட்டை நனைய வேலை செய்யும் 48 கிலோ உடம்பின் தோல் வழியாக எவ்வளவு நஞ்சு இறங்கும் என்பது அந்த மனிதனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியது அல்ல.

இது எப்படி முடிந்தது என்று பார்க்க நியூசிலாந்துக்குப் போக வேண்டும். வடக்குத் தீவின் கிழக்குக் கரையில் ஃபாக்காட்டானே என்று ஓர் ஊர். மாவோரி மக்களில் நாட்டி அவா குலத்தாரின் மண் அது. 1866ல் பிரிட்டிஷ் முடியரசு அந்தப் பகுதியின் நிலங்களைப் பறிமுதல் செய்தது. நிலம் போன மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தது மர ஆலை வேலை.

நியூசிலாந்தின் தோட்ட மரம் ரேடியாட்டா பைன். அறுத்த ஈரப் பலகையை அப்படியே விட்டால் சில நாளில் நீலப்பூஞ்சை பிடித்து விலை விழுந்துவிடும். மரத்தின் வலிமைக்கு அதனால் பெரிய கேடு இல்லை. பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். (ஏற்றுமதிச் சந்தையில் ஒரு பலகையின் நிறத்துக்காக இத்தனையும் நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) அதைத் தடுக்க 1950களின் நடுவிலிருந்து 1988 வரை பலகைகளை பி.சி.பி.யின் சோடிய உப்புக் கரைசலில் முக்கி எடுத்தார்கள். கரைசலில் நனைந்த பலகைகள் ஒரு சங்கிலிப் பாதையில் நகர்ந்து வரும். இருபுறமும் நிற்பவர்கள் அவற்றைக் கையால் இழுத்து நீளம், தடிமன் வாரியாக அடுக்க வேண்டும். ஈரமரம் ஓடும் சங்கிலி என்பதால் அதற்குப் 'பச்சைச் சங்கிலி' என்று பெயர். முன்கையும் தொடையும் நாள் முழுக்க நனைந்தே இருக்கும். மூட்டையைப் பிரித்துத் தூளைத் தொட்டியில் கொட்டுவதும், தொட்டியின் அடியில் தேங்கும் கசடை மண்வெட்டியால் அள்ளுவதும் அதே ஆட்களின் வேலை.

பி.சி.பி. தோல் வழியாக மிக எளிதாக உடம்புக்குள் போகும். இன்னொன்று அதன் லேபிளிலேயே கிடையாது. பி.சி.பி.யைத் தயாரிக்கும்போது டையாக்சின்கள் வேண்டாத துணைப்பொருளாக உருவாகி அதோடு கலந்தே வரும். யாரும் வேண்டுமென்று சேர்ப்பதில்லை, ஆகவே யாரும் எழுதிவைப்பதும் இல்லை. தொட்டியின் கசடில் அவை செறிந்து கிடந்தன. லேபிளில் உள்ள பொருளை மட்டும் மதிப்பிடும் எந்தக் கணக்கிலும் கசடு அள்ளியவரின் உடம்பு வராது.

1980களின் கடைசியில் அந்த ஆலையின் தொழிலாளர்கள், பெரும்பாலும் மாவோரிகள், 'நஞ்சுகளுக்கு எதிரான மர ஆலைத் தொழிலாளர்கள்' என்ற பெயரில் திரண்டார்கள். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஸ்வாப் என்பார்கள். அதை வழிநடத்திய ஜோ ஹராவிரா அதே ஆலையில் வேலை செய்தவர். தோல் நோய், மூச்சுத் தொல்லை, தீராத களைப்பு, மறதி, கூட வேலை செய்தவர்களின் அகாலச் சாவு. இவையெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று அவர்கள் சொன்னார்கள். ஆலையிலிருந்து வரும் கணவரின் துணியைத் துவைத்த மனைவிகளையும், தூளும் துண்டும் வீட்டுக்கு வந்த வழியையும் கணக்கில் சேர்க்கச் சொன்னார்கள். 1991ல் நியூசிலாந்தில் பி.சி.பி.யின் பதிவு நீக்கப்பட்டது. ஆனால் உடம்புக்குள் போனதற்குப் பதில் சொல்ல யாரும் இல்லை.

பதிலுக்கு அவர்கள் கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் காத்திருந்தார்கள். மாஸே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னாள் ஆலைத் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்து 2009ல் வெளியிட்டார்கள். வேலை நின்று 20 ஆண்டு கழிந்தும், பி.சி.பி.யோடு புழங்கியவர்களின் இரத்தத்தில் டையாக்சின் கூடுதலாக இருந்தது. எந்தெந்த டையாக்சின் என்ன விகிதத்தில் இருந்தது என்பதும் பி.சி.பி.யின் கைரேகையோடு பொருந்தியது. உடல்நலக் கணக்கெடுப்பில் சில நுரையீரல் நோய்களும் தைராய்டு கோளாறும் நரம்பு சார்ந்த தொல்லைகளும் அவர்களிடம் அதிகம் தெரிந்தன. இறப்புக் கணக்கில் மட்டும், தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு உயர்வு தெரியவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் உலகெங்கும் தொழிலாளரைத் திருப்பி அனுப்புவது இந்த வாக்கியம்தான். ஓர் ஆலையில் சில நூறு பேர், ஒரு நாட்டில் சில ஆயிரம் பேர். எண்ணிக்கை சிறிதாக இருந்தால் உண்மையான பாதிப்பும் புள்ளியியலில் தற்செயல் போலத்தான் தோன்றும். வேலையில் சேரும்போதே திடமாக இருப்பவர்கள்தான் சேர்கிறார்கள், நோய்வாய்ப்பட்டவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அதனால் தொழிலாளர் கூட்டம் பொதுமக்களைவிட ஆரோக்கியமாகத் தெரிவது தொழில்சார் மருத்துவத்தில் எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. ஆய்வு நடக்கும் நாளில் உயிரோடு இருப்பவரைத்தானே நேரில் கண்டு கேட்க முடியும்? 'நிரூபிக்க முடியவில்லை' என்பதை ஆய்வாளர் தன் கருவியின் எல்லையாகச் சொல்கிறார். அது அதிகாரியின் மேசைக்குப் போகும்போது 'ஆபத்து இல்லை' என்று மொழிபெயர்க்கப்பட்டுவிடுகிறது. கடைசியில் அந்த மனிதர்களுக்கு அரசு அளித்தது ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை.

ஆலைக்கு வெளியேயும் கதை போகிறது. ஆலையின் மரக்கழிவு ஊரைச் சுற்றிப் பல இடங்களில் பள்ளம் நிரப்பக் கொட்டப்பட்டது. மழைநீரோடு நஞ்சு கோபியோபியோ கால்வாயில் இறங்கியது. அந்தக் கால்வாயில் விலாங்கு மீன் உண்டு. மாவோரிகளுக்கு விலாங்கு வெறும் மீன் அல்ல, விருந்தினரை உபசரிக்கும் உணவு, முன்னோரின் சொத்து. டையாக்சின் கொழுப்பில் தேங்கும், விலாங்கு கொழுப்பு மிகுந்த மீன், பல ஆண்டுகள் வாழ்வது. சந்தையில் மீன் வாங்கும் ஒரு சராசரி நகரவாசியை வைத்துக் கணக்குப் போட்டால் இந்தக் கால்வாயால் யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை என்றே வரும். எந்தச் சமூகம் எதைத் தின்கிறது என்று தெரியாத மதிப்பீடு எவ்வளவு துல்லியமான எண்ணைக் கொடுத்தாலும் தவறுதான். மாட்டிறைச்சியையும் நத்தையையும் வயல் நண்டையும் உணவாகவே எண்ணாத ஒரு நாட்டில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் அந்தக் கால்வாயைத் தூர்வாரி, கசடைப் பெரிய துணிப்பைகளில் அடைத்து, பூஞ்சைகளையும் மரங்களையும் கொண்டு நஞ்சைச் சிதைக்கும் வேலை நடந்தது. மண்ணை மண்ணால் குணப்படுத்தும் வழியை வற்புறுத்தியவர்களும் மாவோரிகள்தான். பூஞ்சையைக் கொல்ல ஊற்றிய நஞ்சைப் பூஞ்சையை விட்டே சிதைக்க வேண்டி வந்தது.

சரி, சி.சி.ஏ.வுக்கு வருவோம். இது நம் துணைக்கண்டத்தில் பிறந்தது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோந்தி காமேசம் 1933ல் கண்டுபிடித்தது. செம்பும் ஆர்சனிக்கும் மழையில் கரைந்து போய்விடும் என்பது அதுவரை இருந்த சிக்கல். குரோமியத்தைச் சேர்த்தால் இரண்டும் மரத்தின் நாரோடு இறுகிக்கொள்ளும் என்று காட்டினார். அறிவியலாக அது பெரிய சாதனைதான், அதை மறுக்க வேண்டியதில்லை. உலகம் முழுக்கப் போனது. மங்கலான பச்சை நிறத்தில் வீட்டு முற்றங்கள், வேலிகள், பூங்காக்கள் என்று எங்கும் நின்றது.

அமெரிக்காவில் அது சிக்கலுக்கு உள்ளானது எப்போது தெரியுமா? விளையாட்டுத் திடலில் சறுக்கி விளையாடும் குழந்தை கையை வாயில் வைக்கும்போது ஆர்சனிக் உள்ளே போகிறது என்ற அச்சம் பரவியபோது. 2002ல் அறிவிப்பு வந்தது, 2003 டிசம்பர் முடிவோடு வீட்டு உபயோக மரத்துக்கு சி.சி.ஏ. ஏற்றுவது நிறுத்தப்பட்டது. குழந்தைகளைக் காத்தது சரியான முடிவு. அதே நேரத்தில் மின்கம்பம், பண்ணை வேலிக்கால், கடலில் இறக்கும் தூண் ஆகியவற்றுக்குத் தொடர அனுமதி இருந்தது. இன்றும் இருக்கிறது. அதாவது அந்த மரத்தைப் பயன்படுத்தும் குடும்பத்தின் கை கணக்கில் வந்தது, அதைச் செய்யும் தொழிலாளியின் கை ஏற்கத்தக்க இடராகவே நீடித்தது. பி.சி.பி.யும் அப்படித்தான். அமெரிக்க மின்கம்பங்களுக்கான பி.சி.பி. கடைசிக் காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் மத்தமோரோஸ் நகரில் தயாரானது. 2022ல்தான் அமெரிக்க அரசு அதை ரத்து செய்தது, அதிலும் 5 ஆண்டு அவகாசத்தோடு. அப்போது சொன்ன முதன்மைக் காரணங்களில் ஒன்று தொழிலாளருக்கான ஆபத்து. அந்த ஆபத்து 2022ல் புதிதாக முளைத்தது அல்ல.

மரத்தின் வாழ்வு முடிந்த பிறகும் ஆர்சனிக் முடிவதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கிராமத்துக் குடும்பம் சி.சி.ஏ. ஏற்றிய ஒட்டுப்பலகைத் துண்டுகளைக் குளிர்காய எரித்தது. குளிர்காலம்தோறும் முடி கொட்டியது, தோல் வெடித்தது, வலிப்பு வந்தது. மருத்துவர்கள் 1984ல் அதைப் பதிவு செய்தார்கள். எரித்தால் மரம்தான் போகும், ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையில் போகும், மீதி சாம்பலில் செறியும். நம் ஊரில் கட்டட வேலை முடிந்ததும் மிச்சமான சட்டத் துண்டுகளையும் பழைய நிலைக்கால்களையும் யார் கேட்டு வாங்கிப் போகிறார்கள், எந்த அடுப்பில் அவை எரிகின்றன, அந்தச் சாம்பலில் யார் பாத்திரம் துலக்குகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 401 மரப் பதப்படுத்தலுக்கான நெறிமுறை. சி.சி.ஏ., கிரியோசோட் எல்லாம் அதில் உண்டு. ஆனால் விறகுக்காகத் துண்டு பொறுக்கும் சித்தாள் எந்த நெறிமுறையையும் பார்க்கப் போவதில்லை. மரத்தின் மேல் அவருக்குப் புரியும்படி ஓர் அடையாளம்கூட இருப்பதில்லை.

இந்தியா இந்த விவகாரத்தில் எங்கே நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கே பூச்சிக்கொல்லியாக பி.சி.பி. தடை செய்யப்பட்டது. ஆனால் 2015 மே மாதம் ஜெனீவாவில், அழியா நஞ்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கூட்டத்தில் பி.சி.பி.யை உலகத் தடைப் பட்டியலில் சேர்க்கும் முடிவு வந்தபோது எதிர்த்து நின்றது இந்தியாதான். அதுவரை அந்த உடன்படிக்கையில் எல்லாம் ஒருமித்த கருத்தாகவே முடிவாகி வந்தது. இந்தியாவின் எதிர்ப்பால் அதன் வரலாற்றிலேயே முதன்முறையாக வாக்கெடுப்பு நடத்தித்தான் பி.சி.பி.யைச் சேர்த்தார்கள். சொந்த நாட்டின் வயலில் வேண்டாம் என்ற நஞ்சுக்காக உலக அரங்கில் ஒன்றிய அரசு வாதாடியது யாருக்காக? நிச்சயமாகத் தொட்டியருகே நிற்பவருக்காக அல்ல.

அந்தத் தொட்டியருகே நிற்பவர் யார் என்பதில்தான் இது நம் பிரச்சினையாகிறது. சாதியை வெறும் வேலைப் பங்கீடு என்று நியாயப்படுத்தியவர்களுக்கு அம்பேத்கர் 1936லேயே மறுப்பு எழுதிவிட்டார். எந்த வேலை யாருக்கு என்பது மட்டுமல்ல, யாருடைய உடம்பு எவ்வளவு தாங்க வேண்டும் என்பதும் பிறப்பிலேயே எழுதப்பட்டிருப்பதுதான் இந்த ஏற்பாடு. குரோமியம் என்றாலே நமக்கு ராணிப்பேட்டை நினைவு வரும். மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் அங்கே நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டு கிடந்தது. 2015 ஜனவரியில் தோல் கழிவுக் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்துப்போனார்கள். மலக்குழிச் சாவு ஒவ்வொன்றிலும் 'பாதுகாப்புக் கருவி அணியவில்லை' என்று ஒரு வரி எழுதப்படுகிறதே, அதே வரிதான் வேதிப்பொருள் தொட்டிக்கும் காத்திருக்கிறது. மதிப்பீட்டின் தாளில் கையுறை இருக்கும். கையில் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒப்பந்ததாரர்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆர்சனிக் நஞ்சேற்றமும் குரோமியப் புண்ணும் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருந்தன. சிகிச்சை தரும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது விதி. மரவாடிக்காரர் நடத்தும் சின்னப் பதப்படுத்தும் கூடத்தில் வேலை செய்பவர் அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவில் சொறி என்று போய் நிற்கும்போது, 'என்ன வேலை செய்கிறாய்' என்ற கேள்வி வந்தால்தான் அந்த விதிக்கு உயிர் வரும். பெரும்பாலும் வருவது 'பீடி குடிப்பியா' என்ற கேள்வி. இப்போது இன்னொரு கதவும் சாத்தப்பட்டிருக்கிறது. விசையில் இயங்கும் கூடத்தில் 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை என்பது பழைய சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. மரக் கூடங்களில் பல சிறியவை. ஆட்களை எண்ணியே அவற்றைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடலாம்.

மாற்று இருக்கிறதா என்று கேட்பீர்கள். ஆர்சனிக்குக்குப் பதில் போரான் சேர்த்த கலவை உண்டு. ரப்பர் மரத்துக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் ஏற்றுவது கேரளத்தில் பழகிப்போன தொழில். போரான் மழையில் கரைந்துவிடும், வெளியில் நிற்கும் கம்பத்துக்கு ஆகாது, வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு ஆகும். அதுவும் தீங்கே அற்றதல்ல, அதிக அளவில் இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்ற எச்சரிக்கை உண்டு. செம்பு மட்டும் உள்ள கலவைகள் மீனுக்குக் கேடு. வெப்பத்தால் மரத்தை மாற்றும் முறைக்கு முதலீடு வேண்டும். எங்கே மரத்துக்குப் பதில் சிமெண்டுக் கட்டையே போதுமோ அங்கே ரயில்வே ஏற்கெனவே மாறிவிட்டது. ஆக, மாற்று இல்லை என்பது சாக்கு. எந்த மரத்துக்கு எது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமைதான் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. மதிப்பீடு கடையில் விற்கும் பலகையிலிருந்து தொடங்காமல் தொட்டியிலிருந்தும் கசடிலிருந்தும் தொடங்கட்டும். கையுறை இல்லாத கையை, வியர்வையில் நனைந்த தோலை, 48 கிலோ உடம்பை, வீட்டில் துணி துவைக்கும் பெண்ணை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போடட்டும். அப்படிப் போட்டும் பாதுகாப்பு என்று வந்தால் அனுமதி கொடுக்கட்டும். பதப்படுத்தும் கூடத்தில் இன்று வேலை செய்பவர்களின் பெயர்ப் பதிவேட்டை முதலாளி மாறினாலும் மாறாமல் அரசு வைத்துக்கொள்ளட்டும். 20 ஆண்டு கழித்து ஆய்வு செய்ய வருபவருக்கு அது இல்லாவிட்டால் ஆள் கிடைக்க மாட்டார்கள். ஆர்சனிக்கைச் சிறுநீர்ச் சோதனையில் கண்டுபிடிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்து, முடிவைத் தொழிலாளியின் கையில் தமிழில் கொடுக்க என்ன தடை? அவரிடமிருந்து அத்தாட்சி கேட்பதை விட்டுவிட்டு, தீங்கு இல்லை என்று காட்டும் பொறுப்பைத் தொட்டியை வைத்திருப்பவர் தலையில் வைக்கட்டும்.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் வீடு கட்டுகிறீர்கள், சிலர் கட்டட வடிவமைப்பும் வேதியியலும் மருத்துவமும் படிக்கிறீர்கள். மரவாடியில் 'ட்ரீட்மென்ட் பண்ணின மரம்' என்று சொல்லி விற்றால் என்ன மருந்து, எங்கே ஏற்றியது என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். தச்சர் அதை இழைக்கும்போது முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், அவர் மூச்சில் போவது மரத்தூள் மட்டுமல்ல. மிச்சமான துண்டுகளைச் சித்தாள் அம்மா அடுப்புக்குக் கேட்டால் காரணத்தைச் சொல்லி மறுத்துவிட்டு, வேறு விறகோ அதற்கான காசோ கொடுங்கள்.